31 டிகிரிக்கு மேல்

1822-இல் பிரான்ஸைச் சேர்ந்த சார்ல் கன்யார் த லா தூர் ஒரு துப்பாக்கிக் குழலில் ஆல்கஹாலை ஊற்றி, கூடவே ஒரு கல் உருண்டையையும் போட்டு, முனைகளை இறுக அடைத்தார். குழலைச் சூடேற்றிக்கொண்டே ஆட்டி ஆட்டி, உள்ளே கேட்ட ஓசைக்குக் காது கொடுத்தார். உருண்டை திரவத்தில் விழும் சத்தம் ஒரு கட்டத்துக்குமேல் கேட்கவே இல்லை. குழலிலிருந்து ஒரு சொட்டும் கசியவில்லை; ஆனாலும் திரவம் என்று சொல்ல உள்ளே எதுவும் இல்லை! இயற்பியல் வரலாற்றில் காதை மட்டும் நம்பிச் செய்த சோதனைகளில் இதைவிட அழகான ஒன்றை நான் அறியேன்.

காது கேட்டதற்கு அளவு சொன்னவர் பெல்ஃபாஸ்டில் பணியாற்றிய தாமஸ் ஆண்ட்ரூஸ். கார்பன் டை ஆக்சைடைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து அமுக்கிப் பார்த்த அவர், ஏறத்தாழ 31 டிகிரி செல்சியஸுக்கு மேலே எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது என்று 1869-இல் அறிவித்தார். அந்த எல்லையைத்தான் பள்ளிப் பாடநூல்கள் மாறுநிலை வெப்பநிலை என்கின்றன. சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி நண்பகல் நிழலிலேயே இந்த எல்லை தாண்டப்பட்டுவிடுகிறது.

சைக்கிள் ஓட்டுபவர்கள் பஞ்சர் பையில் வைத்திருக்கும் விரல் நீள எஃகுக் குடுவைக்குள் இருப்பதும் இதே வாயுதான். 16 கிராம் இருக்கும். பம்பில் திருகினால் சில நொடிகளில் டயர் நிரம்பிவிடும். 20 டிகிரியில் உள்ளே பெரும்பகுதி திரவம், மேலே கொஞ்சம் வாயு. அப்போதே அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் 57 மடங்கு.

சூடேறும்போது நடப்பதைத்தான் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். காற்று மட்டும் அடைத்த கலனை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோனால் அழுத்தம் 14 சதவீத அளவே கூடும். திரவம் அடைத்த குடுவைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. திரவ கார்பன் டை ஆக்சைடு சூட்டில் வெகுவாக உப்பும். ஒரு மில்லிலிட்டர் இடத்துக்கு முக்கால் கிராம் வீதம் நிரப்பிய குடுவையில், 22 டிகிரி வாக்கிலேயே அது மேலிருந்த வாயுவின் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. அதன்பின் விரிய இடமே இல்லை. ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய நான்கு வளிமண்டல அழுத்தம் கூடிக்கொண்டே போய், 60 டிகிரியில் 200 மடங்கைத் தாண்டிவிடும். சமையல் எரிவாயு சிலிண்டரை முழுக்க நிரப்பாமல் ஐந்தில் ஒரு பங்கு இடம் விடுவது இந்த உப்பலுக்காகத்தான்.

பஞ்சர் பையை உள்ளே விட்டு நிறுத்திய காருக்குள் 60 டிகிரி வருமா? அரிசோனா மாநிலம் டெம்பியில் கோடை வெயிலில் கார்களை நிறுத்தி அளந்த ஆய்வு ஒன்று 2018-இல் வெளிவந்தது. ஒரு மணி நேரத்தில் உள்ளே காற்று சராசரியாக 47 டிகிரி, இருக்கை 51, டேஷ்போர்டு 69. நிழலில் நிறுத்திய காரிலும் டேஷ்போர்டு 48-ஐ எட்டியது. இத்தகைய குடுவைகளில் பொதுவாக அச்சிட்டிருக்கும் எச்சரிக்கை வரம்போ 50 டிகிரி. ஜன்னலைச் சற்றே இறக்கிவிட்டால் போதும் என்ற நம்பிக்கையும் வீண். அதனால் பெரிதாக எதுவும் குறைவதில்லை என்று வேறோர் அமெரிக்க ஆய்வு 2005-இலேயே காட்டிவிட்டது.

எஃகு உறுதியானது, வரம்பைத் தாண்டிய உடனே வெடித்துவிடாது. ஆனால் பெரிய சிலிண்டர்களில் மிகை அழுத்தத்தை வெளியேற்ற இருக்கும் பாதுகாப்புத் தகடு இந்தச் சின்னக் குடுவையில் இருப்பதில்லை. துளைப்பதற்கென்றே மெல்லியதாக வைத்த மூடி கிழிந்தால் வாயு ஒரு பக்கம் பீறிட, குடுவை எதிர்ப்பக்கம் பாயும். 16 கிராம் வாயு விரிந்தால் ஒன்பது லிட்டர்தான், மூச்சு முட்டாது. பாயும் எஃகுக்குத்தான் அஞ்சவேண்டும்.

அதனால் காரைவிட்டு இறங்கும்போது பஞ்சர் பையையும் கையோடு எடுத்துப்போவதே நல்லது. முடியாத நாளில், வெயில் படாத தரையில், இருக்கைக்கு அடியில் துணி சுற்றி வைக்கலாம். டேஷ்போர்டிலும் பின்கண்ணாடி ஓரத்திலும் மட்டும் வேண்டவே வேண்டாம். மறந்துபோய் வெயிலில் விட்டிருந்தால், கதவுகளைத் திறந்துவைத்து அது ஆறும்வரை தொடாமல் இருங்கள். சூடு இறங்க இறங்க அழுத்தமும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும்; பம்பில் திருகுவதை அதன்பிறகு வைத்துக்கொள்ளலாம்.