வாங்கியவன் விற்கலாமா?

சில ஆண்டுகளுக்கு முன் என் தமையனாரின் பேரன் பழைய பொருள் விற்கும் கடையொன்றில் கணிப்பொறி விளையாட்டு ஒன்றை வாங்கி வந்தான். புது விலையில் மூன்றில் ஒரு பங்குதான் கொடுத்தானாம். குறுந்தகட்டில் கீறல் இல்லை. உறையும் கசங்காமல் இருந்தது. ஆயினும் விளையாட்டுத் தொடங்கவில்லை. உறையினுள் அச்சிட்டிருந்த குறியீட்டைத் தட்டச்சு செய்தவுடன், அது முன்னரே வேறொருவர் கணக்கில் சேர்ந்துவிட்டது என்னும் அறிவிப்புத் திரையில் தோன்றிற்று. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. முதலில் வாங்கியவரும் திருடரல்லர். "தாத்தா, காசு கொடுத்து வாங்கினவன் நான்தானே? அப்புறம் இது யாருடையது?" என்று கேட்டான் பையன். நெடுங்காலம் வகுப்பறையில் நின்று வினாக்களைக் கேட்டுப் பழகிய எனக்கு, இவ்வினாவிற்கு உடனே விடை கூற நா எழவில்லை. பின்னர் ஆராய்ந்து அறிந்தவற்றையே இன்று நேயர்கள் முன் வைக்க விழைகின்றேன்.

படி எடுப்பதைத் தடுத்தல் வேறு. கைமாறுவதைத் தடுத்தல் வேறு. இவ்வேறுபாட்டை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். 1980-களில் விளையாட்டுகள் ஒலிநாடாவிலும் நெகிழ்தட்டிலும் வந்தன. அவற்றைப் படி எடுப்பது சிறுவர்க்கும் எளிதாயிருந்தது. ஆகவே வெளியீட்டாளர்கள் பலவகைப் பூட்டுகளை எண்ணிப் பார்த்தனர். 1985-இல் இங்கிலாந்தில், எலைட் என்னும் விளையாட்டின் ஸ்பெக்ட்ரம் கணிப்பொறிப் பதிப்போடு லென்ஸ்லாக் என்னும் சிறு பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்றைச் சேர்த்து விற்றனர். திரையில் சிதறித் தோன்றும் எழுத்துகளை அதன் வழியே நோக்கினால்தான் படிக்க இயலும். சிலருக்கு வேறொரு விளையாட்டுக்குரிய கண்ணாடி வந்து சேர்ந்ததாம். முறையாக வாங்கியும் அவர்கள் விழித்துக்கொண்டு நின்றனர்! 1990-இல் வந்த மங்கி ஐலண்ட் என்னும் விளையாட்டிலோ அட்டைச் சக்கரம் ஒன்று இருந்தது. கடற்கொள்ளையரின் முகங்கள் அதில் மேல் பாதி வேறு, கீழ்ப் பாதி வேறாக அச்சிடப்பட்டிருந்தன. திரையில் காணும் முகம் பொருந்தும்வரை சக்கரத்தைச் சுழற்றி, அங்கே தெரியும் ஆண்டைப் படித்துச் சொல்ல வேண்டும்.

இப்பூட்டுகள் தொல்லை தந்தவையே. எனினும் அவற்றில் ஒரு நேர்மை இருந்தது. சாவி பொருளோடு ஒட்டியிருந்தது. தட்டையும் சக்கரத்தையும் சேர்த்து நண்பனுக்கு விற்றுவிட்டால், விளையாடும் ஆற்றல் முழுதும் அவனிடம் போய்விடும். விற்றவன் கையில் ஒன்றும் எஞ்சாது. ஒரு படிக்கு ஒரே உரிமையாளர் என்னும் கணக்கு தவறவில்லை.

இணையம் வந்தபின் சாவி, பொருளை விட்டு ஆளைப் பற்றிக்கொண்டது. 2004 நவம்பரில் வால்வ் நிறுவனம் ஹாஃப் லைஃப் 2 என்னும் விளையாட்டை வெளியிட்டது. கடையில் தகடு வாங்கியவர்களும் ஸ்டீம் என்னும் இணைய அமைப்பில் கணக்குத் தொடங்கி, அங்கே பதிவு செய்தால்தான் அதை விளையாட முடியும். ஒரு கணக்கில் சேர்ந்த குறியீடு மற்றொரு கணக்கிற்குச் செல்லாது. கணக்கையே விற்பதற்கும் விதிகள் இடங்கொடா. தகடு கைமாறலாம், உரிமை கைமாறாது. எங்கள் வீட்டுப் பையன் வாங்கி வந்தது இத்தகைய தகட்டையே.

2008 செப்டம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஸ்போர் என்னும் விளையாட்டு இன்னொரு வழியைக் காட்டிற்று. அதை மூன்று முறைக்கு மேல் பதிந்துகொள்ள முதலில் இயலாதிருந்தது. பழைய படியை வாங்குபவன், எஞ்சிய முறை எத்தனை என்று எங்ஙனம் அறிவான்? அமேசான் தளத்தில் ஆயிரக்கணக்கானோர் அவ்விளையாட்டிற்கு மிகக் குறைந்த மதிப்பெண் இட்டனர், வழக்கும் எழுந்தது, வரம்பு பின்னர் ஐந்தாக உயர்த்தப்பட்டது. வேடிக்கை யாதெனில், பூட்டு உடைத்த திருட்டுப் படி, விளையாட்டு விற்பனைக்கு வருமுன்னரே இணையத்தில் உலவத் தொடங்கிவிட்டது. திருடியவன் தடையின்றி விளையாடினான். வரம்பு, வாங்கியவனுக்கே வாய்த்தது.

வெளியீட்டாளர் பக்கத்து நியாயத்தையும் கேட்போம். கைமாறி விற்கும் பொருளில் ஆக்கியவனுக்கு ஒரு காசும் வருவதில்லை. அமெரிக்காவில் கேம்ஸ்டாப் போன்ற பெருங்கடைகள், புதியவற்றைவிடப் பழையவற்றிலேயே மிகுந்த இலாப விகிதம் கண்டன. இணையத்தின் வழியே பலர் கூடி ஆட வேண்டுமாயின், அதற்குரிய சர்வர்களை நடத்தும் செலவு நிறுவனத்தைச் சார்ந்தது. ஒரே தகட்டை ஐவர் மாறி மாறி ஆடினாலும் விலை கொடுத்தவன் முதல்வன் ஒருவனே. இக்காரணங்களைச் சொல்லித்தான் அதே நிறுவனம் 2010-இல் ஆன்லைன் பாஸ் என்னும் முறையைப் புகுத்தியது. பழைய தகட்டை வாங்குபவர் பிறரோடு இணையத்தில் ஆட, பத்து டாலர் தனியே செலுத்த வேண்டும். பழைய படியின் மதிப்பு அந்த அளவு தேய்ந்தது. 2013-இல் அந்நிறுவனமே இம்முறையைக் கைவிட்டது.

இவ்வாதத்தில் விடுபட்ட பகுதி ஒன்று உண்டு. பள்ளிகளில் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் ஒரு சந்தை நடக்கும். தேறிய மாணவன் தன் கோனார் உரையை அடுத்த வகுப்பிற்கு வருபவனிடம் பாதி விலைக்குக் கொடுப்பான். அப்பணத்தோடு இன்னும் சிறிது சேர்த்துத் தனக்கு வேண்டிய புதிய உரையை வாங்குவான். பாதி விலை திரும்பும் என்னும் நம்பிக்கையால்தான் பல பெற்றோர் முழு விலை கொடுக்கத் துணிந்தனர். விளையாட்டிலும் அஃதே. பழைய தகட்டை விற்ற பணம் பெரும்பாலும் புதிய தகட்டிற்கே போய்ச் சேர்கின்றது. மறுவிற்பனை இல்லையென்றால் வாங்குபவன் முதல் விலையையே குறைத்து மதிப்பான். நிறுவனத்தார் இதைக் கணக்கில் கொள்ளாமை வியப்பே.

சட்டம் என்ன சொல்கின்றது? அமெரிக்காவில் பாப்ஸ்-மெரில் என்னும் பதிப்பகம், தன் புதினமொன்றை ஒரு டாலருக்குக் குறைத்து விற்றல் பதிப்புரிமை மீறலாகும் என்று நூலிலேயே அச்சிட்டிருந்தது. மேசீஸ் என்னும் பெருங்கடை அதனை 89 சென்டுக்கு விற்றது. 1908-இல் உச்ச நீதிமன்றம் கடையின் பக்கமே தீர்ப்பளித்தது. ஒருமுறை விற்ற படியின்மேல் பதிப்பாளர்க்கு விலை விதிக்கும் உரிமை இல்லை என்பது அதன் சாரம். ஜப்பானிலும் பழைய விளையாட்டுகளை விற்ற கடைகள்மேல் நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2002 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கடைகளுக்கே வெற்றி தந்தது. ஆயின் இத்தீர்ப்புகள் கையில் பிடிக்கக்கூடிய படியைப் பற்றியவை. இணையத்தில் இறக்கிக்கொண்ட விளையாட்டிற்கு விற்பனை என்று பெயரில்லை, உரிமம் என்று பெயர். அதனை மறுவிற்பனை செய்ய விட வேண்டும் என்று பிரான்சில் நுகர்வோர் சங்கம் ஒன்று வால்வ் நிறுவனத்தின்மேல் வழக்காடி, 2019-இல் பாரிஸ் நீதிமன்றத்தில் வென்றது. 2022-இல் மேல்முறையீட்டில் அவ்வெற்றி பறிபோயிற்று. 2024 அக்டோபரில் அந்நாட்டின் உயர்ந்த நீதிமன்றமும் சங்கத்தின் முறையீட்டைத் தள்ளிவிட்டது.

மக்கள் குரல் ஒருமுறை சட்டத்தினும் விரைந்து வென்றதைச் சொல்லாமல் விடலாகாது. 2013 ஜூன் மாதத்தில் மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிக்குரிய விதிகளை அறிவித்தது. கருவி இருபத்து நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை இணையத்தோடு தொடர்பு கொள்ள வேண்டும், தகட்டை நண்பனுக்குக் கொடுப்பதானால் அவன் முப்பது நாளாவது நண்பர் பட்டியலில் இருந்திருக்க வேண்டும், அதுவும் ஒருமுறையே. நட்பிற்கு நாள் கணக்கு வைத்தவர்களை நான் அதற்குமுன் கேள்விப்பட்டதில்லை! போட்டி நிறுவனமாகிய சோனி அதே மாதத்தில் ஒரு சிறு படத்தை வெளியிட்டது. அதில் ஒருவர் மற்றொருவர் கையில் விளையாட்டுத் தகட்டைக் கொடுக்கின்றார், அவர் நன்றி கூறுகின்றார், படம் முடிந்தது. எதிர்ப்பு ஓங்கவே, ஜூன் 19-ஆம் நாள் மைக்ரோசாப்ட் தன் விதிகளைத் திரும்பப் பெற்றது.

அண்மையில் வந்த ஒரு மாற்றம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. 2025 ஜூனில் வெளிவந்த நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கருவிக்குரிய சில விளையாட்டு அட்டைகளில் விளையாட்டே இல்லை. அதை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் சாவி மட்டுமே உண்டு. அட்டையை விற்கலாம், வாங்கியவர் ஆடலாம். நிறுவனம் தன் சர்வரில் அவ்விளையாட்டை வைத்திருக்கும் காலம் வரைதான் அட்டைக்கு விலை. இதைக் கேட்ட எங்கள் பையன், தன் பழைய தகட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மீண்டும் அலமாரியில் வைத்தான்.