பெயர் பதியப்பட்ட நத்தை

எனது தங்கையின் மகள் 2008 ஆம் ஆண்டு பிறந்தவள். ஊர் விட்டு ஊர் ஓடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. தறப்பாள் கொட்டிலில் பிறந்த பிள்ளைக்கு அன்றைக்கே பெயர் வைத்தோம். ஆனால் அந்தப் பெயரைப் பதிவதற்கு எமக்கு அலுவலகம் ஒன்று இருக்கவில்லை. அடுத்த ஆண்டு தங்கையும் இல்லாமற் போனாள். பிள்ளை என்னிடமே வளர்ந்தாள்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கிராம சேவையாளரின் கடிதம் போதுமாக இருந்தது. சாதாரண தரப் பரீட்சை நெருங்கியபோதுதான் அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். "பதிவில இல்லாத பிள்ளைக்கு நாங்கள் என்ன செய்யிறது, ரீச்சர்?" என்று ஓர் அலுவலர் கேட்டார். பிள்ளை எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள்.

அன்றிரவு நான் மறுநாள் விஞ்ஞான பாடத்துக்காக உயிரினப் பாகுபாடு பற்றிக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு ஞாபகம் வந்தது ஒரு நத்தை. அதன் கதையைப் பிள்ளைக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்லுகிறேன்.

இந்து சமுத்திரத்தின் அடியில்

எமது கரைகளைத் தொடும் இதே இந்து சமுத்திரத்தில், மொரீசியசுத் தீவுக்குத் தென்கிழக்கே வெகு தொலைவில், சுமார் 2,400 மீற்றர் ஆழத்தில் 'கைரேய்' என்றொரு வெந்நீரூற்றுப் பகுதி இருக்கின்றது. அங்கே கடலடிப் பாறை வெடிப்புகளினூடாக 300 பாகை செல்சியசுக்கும் கூடிய சூட்டில் நீர் கரும்புகை போலப் பீறிடும். சூரிய வெளிச்சம் எட்டிப்பார்க்காத இடம். அந்த ஊற்றுக்களின் ஓரத்தில் உயிர்கள் கும்பல் கும்பலாக வாழ்கின்றன.

2001 ஆம் ஆண்டு அங்கு சென்ற அமெரிக்க ஆய்வுக் கப்பல், ஆளில்லாத ஊர்தியொன்றைக் கீழே இறக்கி மாதிரிகளை எடுத்தது. அந்தப் பயணத்துக்குத் தலைமை தாங்கியவர் சிண்டி வான் டோவர் என்ற பெண் விஞ்ஞானி. 'அல்வின்' என்ற ஆழ்கடல் நீர்மூழ்கியைச் செலுத்தத் தகுதி பெற்ற முதற் பெண்மணியும் அவரே.

மேலே வந்த மாதிரிகளுள் ஒரு நத்தை எல்லோரையும் வியக்க வைத்தது. அதன் பாதத்தைச் சுற்றிக் கூரை ஓடுகளை அடுக்கியது போலச் செதில்கள். அச்செதில்களின் மேலும் சங்கின் மேலும் இரும்புச் சல்பைட்டுப் படை. இரும்பை மேனியில் அணிந்த வேறொரு நத்தையை எவரும் கண்டதில்லை. பெரியதே நாலரைச் சென்ரிமீற்றர்தான் வரும். தன் உடலினுள் வாழும் பற்றீரியாக்கள் ஆக்கிக் கொடுக்கும் உணவிலேயே அது உயிர் வாழ்கின்றது. பார்வைக்கு அழுங்கு போல இருப்பதால் 'கடல் அழுங்கு' என்றும் அதனைச் சொல்லுவார்கள்.

பெயர் வைப்பது இலேசல்ல

2003 இல் இந்த நத்தை பற்றி ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. உலகமே அறிந்துகொண்டது. ஆனால் முறைப்படியான பெயர் கிடைக்கவில்லை. 'செதிற்பாத நத்தை' என்ற பட்டப்பெயரோடுதான் அது இருந்தது.

விலங்கொன்றைப் புதிய இனம் என்று பதிவதற்குக் கண்டேன் என்று சொன்னால் மட்டும் போதாது. சங்கின் சுருளை அளக்க வேண்டும். வாயை அடைக்கும் மூடியைப் பார்க்க வேண்டும். அரம் போன்ற அதன் நாக்கிலுள்ள நுண்ணிய பற்களை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் படம் பிடிக்க வேண்டும். உடலை வெட்டி உள்ளுறுப்புகளை ஆராய வேண்டும். டி.என்.ஏ. யை எடுத்து உறவினங்களோடு ஒப்பிட வேண்டும். பின்னர் ஒரு மாதிரியை 'இதுவே இவ்வினத்தின் மூல மாதிரி' என்று குறித்து நூதனசாலையில் இலக்கமிட்டு வைத்து, எல்லாவற்றையும் எழுதி வெளியிட வேண்டும். அப்போதுதான் பெயர் செல்லுபடியாகும்.

2011 இல் 'லொங்சி' என்ற வேறோர் ஊற்றுப் பகுதியிலிருந்து பிரித்தானியக் கப்பலொன்று நல்ல மாதிரிகளைக் கொண்டுவந்தது. சொங் சென், கற்றின் லின்சே முதலான நால்வர் அவற்றை ஆராய்ந்து 2015 இல் 'கிறைசோமலோன் ஸ்குவாமிபெறம்' என்று பெயரிட்டனர். முதற் சொல் பொன்மயிர் கொண்டது என்றும், இரண்டாவது செதில் தாங்கியது என்றும் பொருள்படும். சாதியும் புதிது, இனமும் புதிது. கண்டெடுத்துப் பதினான்கு ஆண்டுகள் சென்றிருந்தன.

கறுப்பும் வெள்ளையும்

இதற்கிடையில் 2009 இல் யப்பானியர்கள் மூன்றாவது இடமொன்றில் இதே போன்ற நத்தைகளைக் கண்டனர். ஆனால் அவை வெள்ளை நிறம். செதிலில் இரும்பு இல்லை. இது வேறு இனமா என்ற கேள்வி எழுந்தது. டி.என்.ஏ. யைப் பார்த்தபோது இரண்டும் ஒரே இனம் என்று தெரிந்தது. நத்தையின் உடலிலிருந்து செதில் வழியே வரும் கந்தகம், நீரிலுள்ள இரும்போடு சேர்ந்துதான் அந்தக் கரும்படை உண்டாகின்றது. வெள்ளை நத்தை வாழும் நீரில் இரும்பு குறைவு. எமது வலம்புரிச் சங்கும் அப்படியே. அது தனி இனமல்ல. சாதாரண சங்கினத்தில் அருமையாக மறுபக்கம் சுருண்டு பிறப்பது.

பட்டியலில் ஏறிய பின்

ஒரு நத்தைக்குப் பெயர் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன என்று நீங்கள் கேட்கலாம். இந்த ஊற்றுக்களைச் சுற்றிச் செம்பு, நாகம், பொன் முதலிய உலோகங்கள் படிந்துள்ளன. அவற்றை ஆராய்வதற்காக 2011 இல் சீனாவும் 2015 இல் ஜேர்மனியும் 2016 இல் இந்தியாவும் சர்வதேசக் கடற்படுகை அதிகாரசபையோடு இந்து சமுத்திரப் பகுதிகளுக்கு ஒப்பந்தம் செய்தன. ஊற்றுக்களில் அகழ்வு நடந்தால் நத்தைகளுக்குப் போக்கிடமில்லை.

பெயர் பதியப்பட்டிருந்தபடியால், 2019 இல் ஜூலியா சிக்வாட் என்ற பெண் விஞ்ஞானியின் குழுவினர் அதனை ஆபத்துக்குள்ளான உயிரினங்களின் சிவப்புப் பட்டியலில் சேர்க்க முடிந்தது. கடலடி அகழ்வின் அச்சுறுத்தலைக் காரணங் காட்டி அப்பட்டியலில் ஏறிய முதலாவது உயிரினம் இதுவே. 2021 இல் வெந்நீரூற்றுக்களின் 184 மெல்லுடலி இனங்களை ஆராய்ந்தபோது 114 இனங்கள் ஆபத்திலிருப்பது தெரியவந்தது. பட்டியல் மட்டும் அகழ்வைத் தடுத்துவிடாது. ஆனால் பேச்சு நடக்கும் மேசையில் இவற்றின் பெயரும் இருக்கும்.

எங்கள் வீட்டுக் கோவை

கதையைக் கேட்ட பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அது பதினாலு வருசம். நான் பதினாறு. என்னட்டை என்ன சான்று இருக்கு, பெரியம்மா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விதான் எங்களை எழுப்பியது. தங்கையின் கிளினிக் கொப்பி ஒரு பையின் அடியில் ஈரத்தில் ஒட்டிப்போய்க் கிடந்தது. பிள்ளைக்கு ஊசி போட்ட அட்டை அதற்குள் இருந்தது. பிரசவம் பார்த்த மருத்துவமாதைத் தேடிப்போனோம்; ஞாபகம் வைத்திருந்தார். அவருடைய எழுத்து, கிராம சேவையாளரின் கடிதம், சத்தியக்கடதாசி எல்லாவற்றையும் ஒரு கோவையில் அடுக்கிக் காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கு விண்ணப்பித்தோம். பலமுறை அலைந்தோம். கடைசியில் சான்றிதழ் வந்தது. தாயின் பெயர் எழுதியிருந்த இடத்தைப் பிள்ளை விரலால் தடவிப் பார்த்தாள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் பதியப்படாத பிள்ளை இருக்கலாம். கிழிந்த அட்டை, மங்கிய துண்டு என்று எதையும் எறிந்துவிடாதீர்கள். பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரைச் சந்தித்து விபரம் கேளுங்கள். ஒருவர் இல்லையென்று சொன்னால் அடுத்தவரிடம் கேளுங்கள். பிள்ளை இருக்கின்றது என்பது எமக்குத் தெரியும். அதைத் தாளிலும் எழுதுவித்துவிட வேண்டும்.