அடக்கி வைத்தால் ஆபத்து!

சித்த மருத்துவத்தில் ‘14 வேகங்கள்’ என்று ஒரு கணக்கு உண்டு. சிறுநீர், மலம், பசி, தாகம், தூக்கம், தும்மல், கண்ணீர் என்று உடம்பு தானாகவே கேட்கிற விஷயங்கள் இவை. இவற்றை அடக்கினால் நோய் வரும்.

“வேலை பார்க்கிற இடத்துல அடக்காம என்ன பண்றது டாக்டர்?” என்று கேட்கிறார்கள், துணிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கிற பெண்கள். “சூப்பர்வைசர்கிட்ட அடிக்கடி கேட்கக் கூச்சமா இருக்கு. அதனால தண்ணியே குடிக்கிறதில்லே.”

விளைவு? நீர்க்கடுப்பு, மலச்சிக்கல். நின்று நின்று காலில் நரம்புச் சுருட்டல் வேறு. நெருஞ்சில் கஷாயம் கொடுத்தால் கடுப்பு குறையும். (கூடவே காய்ச்சல், குளிர் இருந்தால் தாமதிக்காமல் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.) ஆனால் மறுநாளும் அதே பயத்தோடு வேலைக்குப் போனால் மருந்து எத்தனை நாளைக்குத் தாங்கும்?

கோழிக்கோட்டுப் பெண் பணியாளர்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடினார்கள். 2018-ல் கேரளத்தில் சட்டம் திருத்தப்பட்டது. 2021-ல் தமிழ்நாட்டிலும் கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்தது. நல்ல காரியம். ஆனால் நாற்காலியைப் போட்டுவிட்டு, உட்கார்ந்தவரை முதலாளி முறைத்தால் யார் உட்காருவார்கள்?

நீங்கள் நாலு பேரை வேலை வாங்குகிறவரா? அப்படியானால் அவர்கள் வந்து கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். நீங்களே முதலில் கேளுங்கள். “சாப்பிட்டாச்சா? கால் வலிக்குதா? கொஞ்சம் உட்காருங்க” என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். கழிவறைக்குப் போக அனுமதி கேட்கும் வழக்கத்தை எடுத்துவிடுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போனால் போதும் என்று வையுங்கள். பெண்களின் குறைகளைக் கேட்க ஒரு பெண்ணையே நியமியுங்கள். தவறு நடந்தால் வாடிக்கையாளர் முன்னால் திட்டாமல், தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். சொன்ன குறை ஒன்று தீர்ந்தால்தான் அடுத்ததைச் சொல்லத் தைரியம் வரும்.

இதனால் உங்களுக்கு நஷ்டமா? இல்லவே இல்லை. உடம்பு நோகாதவர் அடிக்கடி லீவு போடமாட்டார். மனசு நோகாதவர் வேறு கடை தேடமாட்டார். வாடிக்கையாளரிடமும் சிடுசிடுக்க மாட்டார்.

“நான் முதலாளி இல்லையே” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாவுக்கு நீங்கள்தானே முதலாளி? அவர் உட்கார ஓர் இடம், குடிக்கத் தண்ணீர், கூச்சமில்லாமல் போய்வரக் கழிவறை, இந்த மூன்றும் உங்கள் வீட்டில் உண்டா? இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.