தொற்றுநோய்க் காலத்தில் தனிமனித சுதந்திரமும் அரசின் அதிகாரமும்

ஒருவர் தம் விருப்பப்படி வாழும் உரிமை, அவர் மற்றவர்களுக்குச் செய்ய வேண்டிய கடமை, இரண்டையும் ஒழுங்குபடுத்த அரசுக்கு உள்ள அதிகாரம் ஆகிய மூன்றும் சாதாரண நாட்களில் பெரிதாக மோதிக்கொள்வதில்லை. கொள்ளைநோய் வரும்போது மூன்றும் ஒரே வீட்டின் வாசலில் வந்து நிற்கின்றன. நோயாளியை வீட்டிலிருந்து அழைத்துச் செல்லலாமா, கடையை மூடச் சொல்லலாமா, விரும்பாதவருக்கு ஊசி போடலாமா என்ற கேள்விகளுக்கு உடனே விடை தேவைப்படுகிறது. இக்கட்டுரை, கடந்த நூற்றிருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் இந்தியாவிலும் அமெரிக்காவிலும் அந்த விடைகள் எவ்வாறு தேடப்பட்டன என்பதை விளக்குகிறது.

மூன்று கருத்துகள்

சுதந்திரம்: இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு பேச்சு, கூட்டம், சங்கம், நடமாட்டம், தொழில் முதலிய சுதந்திரங்களைக் குடிமக்களுக்கு வழங்குகிறது. 21-ஆம் பிரிவு உயிருக்கும் உடல் சார்ந்த சுதந்திரத்துக்கும் பாதுகாப்பளிக்கிறது. 19-ஆம் பிரிவின் உரிமைகள் எல்லையற்றவை அல்ல. பொது ஒழுங்கு, பொதுமக்கள் நலன் போன்ற காரணங்களுக்காக "நியாயமான கட்டுப்பாடுகள்" விதிக்கலாம் என்று அதே பிரிவு கூறுகிறது.

பொறுப்பு: 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் 51அ பிரிவு சேர்க்கப்பட்டு, குடிமக்களின் அடிப்படைக் கடமைகள் பட்டியலிடப்பட்டன. இக்கடமைகளை மீறியதற்காக மட்டும் ஒருவரைத் தண்டிக்க முடியாது. அதற்குத் தனிச் சட்டம் வேண்டும். சட்டம் எட்டாத இடங்களிலும் பொறுப்பு உண்டு. காய்ச்சல் உள்ளவர் கூட்டத்துக்குப் போகாமல் இருப்பதை எந்தக் காவலரும் கண்காணிக்க முடியாது.

அதிகாரம்: பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்துவது அரசின் கடமை என்கிறது 47-ஆம் பிரிவு. கடமை இருந்தால் அதை நிறைவேற்ற அதிகாரமும் வேண்டும். அந்த அதிகாரம் எங்கே நிற்க வேண்டும் என்பதே சிக்கல்.

இங்கிலாந்தின் சிந்தனையாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் ஓர் அளவுகோலைத் தந்தார். ஒருவருடைய நன்மைக்காக என்று சொல்லி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. அவர் செயல் பிறருக்குத் தீங்கு விளைவித்தால் மட்டுமே தடுக்கலாம் என்பது அவர் கருத்து. இது தெளிவான விதிபோலத் தோன்றும். தொற்றுநோய் இதைக் கடினமாக்கிவிடுகிறது. நோய்க்கிருமி உள்ளவர் யாரையும் அடிக்கவில்லை, திருடவில்லை. மூச்சு விடுகிறார், அவ்வளவுதான். ஆனாலும் பக்கத்திலிருப்பவருக்கு ஆபத்து வருகிறது.

1897: நான்கு பிரிவுகள் கொண்ட சட்டம்

1896 செப்டம்பரில் பம்பாயில் பிளேக் நோய் வெளிப்பட்டது. அடுத்து வந்த சில பத்தாண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட நோய் அது. எனவே அரசு அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. 1897 பிப்ரவரி 4 அன்று கொள்ளைநோய்கள் சட்டம் இயற்றப்பட்டது. அதில் இருந்தவை நான்கே பிரிவுகள். சாதாரணச் சட்டம் போதாது என்று அரசு கருதினால் எந்த நடவடிக்கையையும் எடுக்கலாம், மீறுவோரைத் தண்டிக்கலாம், நல்லெண்ணத்துடன் செயல்பட்ட அதிகாரி மீது வழக்குத் தொடுக்க முடியாது. எது "ஆபத்தான கொள்ளைநோய்" என்ற வரையறை அதில் இல்லை. மக்களுக்கு உள்ள உரிமை எது, முறையீடு செய்ய வழி எது என்பவையும் இல்லை.

இதன் விளைவைப் புனே நகரம் கண்டது. வால்டர் ராண்ட் என்ற அதிகாரியின் தலைமையில் பிளேக் குழு அமைந்தது. படைவீரர்கள் வீடு வீடாக நுழைந்து சோதனை நடத்தினர். நோயாளிகள் மருத்துவமனைக்கும், உடனிருந்தவர்கள் தனிமை முகாம்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். பெண்களைச் சோதித்த விதமும், பூசை அறைவரை நுழைந்ததும் மக்களைக் கொதிக்கச் செய்தன. 1897 ஜூன் 22 இரவு, விக்டோரியா அரசியின் வைரவிழாக் கொண்டாட்டம் முடிந்து திரும்பிய ராண்டைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டனர். அவர் ஜூலை 3 அன்று இறந்தார். அயர்ஸ்ட் என்ற இராணுவ அதிகாரியும் கொல்லப்பட்டார். அதே ஆண்டு, கேசரி இதழில் வெளியான எழுத்துகளுக்காகப் பாலகங்காதர திலகருக்கு அரசத் துரோகக் குற்றத்தின்கீழ் 18 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடுமையான சோதனை நோயைக் கண்டுபிடிக்கவே நடத்தப்பட்டது. அதற்கு அஞ்சிய மக்களோ நோயாளிகளை மறைத்தனர், ஊரைவிட்டு ஓடினர். இரண்டும் நோயைப் பரப்பக்கூடியவை. அதாவது, மக்களின் நம்பிக்கையை இழந்த அதிகாரம், தான் எடுத்துக்கொண்ட வேலையையே செய்ய முடியாமல் போனது. அதே காலத்தில் பம்பாயில் பிளேக் தடுப்பூசியை உருவாக்கிய வால்டெமார் ஹாஃப்கின், 1897 ஜனவரி 10 அன்று முதல் ஊசியைத் தமக்கே போட்டுக்கொண்டார். நம்பிக்கையைப் பெற இன்னொரு வழியும் இருந்தது என்பதற்கு அது சான்று.

மேரி மல்லன்: இரு பக்க நியாயம்

புனேயில் தவறு அரசின் பக்கம் இருந்தது. நியூயார்க்கில் வாழ்ந்த மேரி மல்லனின் கதை அப்படி எளிதானதன்று. அயர்லாந்திலிருந்து வந்து சமையல் வேலை செய்தவர் அவர். தமக்கு நோய் இல்லாமலேயே டைபாய்டு கிருமியைச் சுமந்துகொண்டிருந்தார். அவர் சமைத்த வீடுகளில் காய்ச்சல் பரவியது. 1907-இல் அவரைப் பிடித்துத் தீவு ஒன்றில் தனிமைப்படுத்தினர். சமையல் வேலைக்குப் போக மாட்டேன் என்ற உறுதிமொழியின் பேரில் 1910-இல் விடுவித்தனர். 1915-இல் அவர் வேறு பெயரில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் சமைத்துக்கொண்டிருந்தது தெரியவந்தது. அங்கே 25 பேர் நோயுற்றனர், இருவர் இறந்தனர். அதன்பின் 1938-இல் இறக்கும்வரை அவர் தீவிலேயே வைக்கப்பட்டார்.

மகப்பேறு மருத்துவமனையில் இருந்தவர்களின் உயிரை எண்ணினால் அவரைத் தடுத்தது சரி. ஆனால் அக்காலத்தில் அறியப்பட்ட மற்றக் கிருமிச் சுமப்பாளர்கள் வாழ்நாள் முழுதும் அடைக்கப்படவில்லை. சமையலைத் தவிர வேறு தொழில் தெரியாத ஏழைப் பெண்ணுக்கு அதே அளவு வருமானம் தரும் மாற்று வேலையும் கிடைக்கவில்லை. பொறுப்பாக நடந்துகொள் என்று ஒருவரிடம் கேட்கும் சமூகம், அப்படி நடந்துகொண்டும் அவர் பிழைப்பதற்கு வழி செய்ய வேண்டும். 2020-இல் இதே பாடம் இந்தியாவுக்கு மீண்டும் வந்தது.

ஒரு தீர்ப்பு போன பாதை

1905-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஜேக்கப்சன் வழக்கில் தீர்ப்பளித்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பெரியம்மை பரவியபோது தடுப்பூசி போட மறுத்த பாதிரியார் ஒருவருக்கு 5 டாலர் அபராதம் விதிக்கப்பட்டிருந்தது. பொது நலனுக்காக அத்தகைய சட்டம் இயற்ற மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று நீதிமன்றம் கூறியது. அவருக்கு அபராதம்தான் விதிக்கப்பட்டதே தவிர, பிடித்து ஊசி போடவில்லை.

22 ஆண்டுகள் கழித்து, 1927-இல் பக் எதிர் பெல் வழக்கில் அதே நீதிமன்றம், மனவளர்ச்சி குன்றியவர் என்று சொல்லப்பட்ட ஓர் இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்வதை அனுமதித்தது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது ஜேக்கப்சன் தீர்ப்பு. ஐந்து டாலர் அபராதத்துக்குச் சொன்ன நியாயம், உடலை அறுப்பதற்கான நியாயமாக நீட்டப்பட்டது.

இந்தியாவில் நெருக்கடி நிலையின்போது, 1976-77 ஆம் ஆண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடைச் சிகிச்சைகள் நடந்தன. அவற்றில் பல வற்புறுத்தலால் நடந்தவை. மக்கள்தொகைக் கட்டுப்பாடு என்பது பொது நோக்கம்தான். ஆனால் தடுத்துக் கேட்க யாரும் இல்லை. 1976-இல் ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கில், சட்டவிரோதக் காவலை எதிர்த்துக்கூட நெருக்கடி நிலையில் நீதிமன்றத்தை அணுக முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் கூறினர், எச்.ஆர். கன்னா ஒருவரே மறுத்தார். 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தத்துக்குப் பின், நெருக்கடி நிலையிலும் 20, 21 பிரிவுகளின் பாதுகாப்பை நிறுத்திவைக்க முடியாது.

அளந்து பார்க்கும் முறை

எந்தக் கட்டுப்பாடு நியாயமானது? இதற்கான தொடக்க விடை சென்னை மாகாணத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் கிடைத்தது. 1952-இல் வி.ஜி. ராவ் வழக்கில், ஒரு கல்விக் கழகத்தைச் சட்டவிரோதமானது என்று அறிவிக்க வழிசெய்த சென்னைச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி எழுதிய தீர்ப்பு, உரிமையின் தன்மை, கட்டுப்பாட்டின் நோக்கம், தடுக்க வேண்டிய தீங்கின் அளவும் அவசரமும், விதித்த கட்டுப்பாடு அதற்கு மிஞ்சியதா, அன்றைய சூழ்நிலை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கச் சொன்னது. 2017-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்று ஒருமனதாக அறிவித்தபோது இந்த முறை மேலும் தெளிவடைந்தது. மாணவர்கள் இதை நான்கு கேள்விகளாக நினைவில் கொள்ளலாம்.

1. இந்தக் கட்டுப்பாட்டுக்குச் சட்டத்தின் ஆதாரம் உண்டா?
2. அதன் நோக்கம் உண்மையான பொது நலனா?
3. இதைவிடக் குறைந்த பாதிப்புள்ள வழியால் அதே பயனைப் பெற முடியாதா?
4. கிடைக்கும் பயன், மக்கள் இழப்பதற்கு ஈடாக இருக்கிறதா?

2020: நமக்கு வந்த தேர்வு

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டு, அன்று நள்ளிரவே நடைமுறைக்கு வந்தது. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டமும், 1897-ஆம் ஆண்டின் சட்டமும் இதற்குப் பயன்பட்டன. தமிழ்நாட்டில் 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமும் கைகொடுத்தது. சட்ட ஆதாரம் இருந்தது, நோக்கமும் சரியானதே. ஆனால் ஒரே உத்தரவு எல்லார் மீதும் ஒரே எடையில் விழவில்லை. மாதச் சம்பளக்காரர் வீட்டுக்குள் இருந்தார். கூலித் தொழிலாளி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தார். நான்கு மணி நேர அவகாசம் போதுமா என்பது மேலே உள்ள மூன்றாவது கேள்வி.

ஏப்ரல் மாதம் சென்னையில், கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கூட்டம் தாக்கியது. இது அரசின் அத்துமீறல் அன்று. பொதுமக்கள் தம் பொறுப்பைக் கைவிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இதை விசாரணைக்கு எடுத்தது. இறந்தபின் கண்ணியமான அடக்கத்துக்கான உரிமை 21-ஆம் பிரிவில் அடங்கும் என்று சுட்டிக்காட்டியது. அதே ஏப்ரலில் மத்திய அரசு அவசரச் சட்டம் மூலம் 1897 சட்டத்தைத் திருத்தி, மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்கு ஏழு ஆண்டுகள்வரை சிறைத்தண்டனை விதிக்க வழிசெய்தது. இங்கே அதிகாரம் தேவைப்பட்டது. அது சரியாகவே பயன்பட்டது.

ஜூன் மாதம் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், அனுமதித்த நேரத்துக்குமேல் கைப்பேசிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லித் தந்தையும் மகனும் கைது செய்யப்பட்டனர். காவலில் வைக்கப்பட்ட இருவரும் சில நாட்களில் அடுத்தடுத்து இறந்தனர். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து விசாரித்தது. வழக்கு சிபிஐயிடம் சென்றது. காவலர்கள் மீது கொலைக் குற்றச்சாட்டு சுமத்தப்பட்டது. சட்டப்படி அதிகபட்சம் ஓர் அபராதமோ சிறு தண்டனையோ பெறக்கூடிய குற்றச்சாட்டு அது. பொது நலனுக்காக எழுதிய விதி, கேள்வி கேட்கப்படாத கையில் சேரும்போது என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேதனையான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

மே மாதத் தொடக்கத்தில் ஆரோக்கிய சேது செயலியை எல்லாப் பணியாளர்களும் வைத்திருப்பது கட்டாயம் என்று மத்திய உள்துறை உத்தரவிட்டது. அதற்கென நாடாளுமன்றம் தனிச் சட்டம் எதையும் இயற்றவில்லை. எதிர்ப்பு எழுந்தபின், மே 17 அன்று வந்த உத்தரவில் அது "இயன்றவரை" என்று தளர்த்தப்பட்டது.

2022 தீர்ப்பு

தடுப்பூசியைக் கட்டாயமாக்கலாமா என்ற கேள்விக்கு 2022 மே 2 அன்று ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் விடையளித்தது. ஒருவர் உடல் மீது அவருக்குள்ள உரிமை 21-ஆம் பிரிவில் அடங்கும். யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது. அதே நேரம், சமூக நலனுக்காகத் தேவையான கட்டுப்பாடுகளை அளவுக்கு உட்பட்டு அரசு விதிக்கலாம். அப்போதைய நிலையில், ஊசி போடாதவர்களால் தொற்று அதிகம் பரவுகிறது என்பதற்குத் தரவுகள் காட்டப்படவில்லை. ஆகவே அவர்களைப் பொது இடங்களில் தடுப்பது அளவுக்கு மிஞ்சியது என்றது நீதிமன்றம். பக்கவிளைவு பற்றிய தகவல்களைப் பொதுவில் வெளியிடவும் கூறியது.

இத்தீர்ப்பைத் தடுப்பூசிக்கு எதிரானதாகப் படிப்பது பிழை. அரசின் தடுப்பூசிக் கொள்கையை நீதிமன்றம் குறைகூறவில்லை. நோய்க்கு நோய், காலத்துக்குக் காலம் விடை மாறும். தட்டம்மை பரவாமலிருக்க ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் நோயெதிர்ப்பு பெற்றிருக்க வேண்டும். பிறந்து சில மாதங்களே ஆன, ஊசி போடும் வயது வராத குழந்தையைச் சுற்றியிருப்பவர்களின் பொறுப்புணர்வுதான் காக்கிறது. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதால் அந்தப் பொறுப்பு மறைந்துவிடுவதில்லை.

இன்றைய நிலை

1897-ஆம் ஆண்டின் சட்டம் திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் உள்ளது. 2024 பிப்ரவரியில் இந்தியச் சட்ட ஆணையம் தன் 286-ஆவது அறிக்கையில், இச்சட்டத்தில் பெரும் குறைபாடுகள் உள்ளன என்றும், அதைத் திருத்தவோ புதுச் சட்டம் இயற்றவோ வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. எந்த நிலையில் எந்த அரசுக்கு எவ்வளவு அதிகாரம், கட்டுப்பாடு எப்போது முடிவுக்கு வரும், வருமானம் இழப்போருக்கு என்ன ஏற்பாடு, தவறு நடந்தால் யாரிடம் முறையிடுவது என்பவற்றை நோய் இல்லாத காலத்திலேயே எழுதி வைக்க வேண்டும். நோய் வந்தபின் அச்சத்தில் எழுதும் சட்டம் எப்படி இருக்கும் என்பதை 1897 காட்டிவிட்டது.

அடுத்த முறை ஓர் உத்தரவு வரும்போது, அதைக் கண்மூடி எதிர்ப்பதும் கண்மூடி ஏற்பதும் ஆகிய இரண்டுமே எளிது. மேலே உள்ள நான்கு கேள்விகளை அரசிடம் கேட்பது குடிமகனின் உரிமை. விடை நியாயமாக இருந்தால், காவலர் பார்க்காத இடத்திலும் அதன்படி நடப்பது அவருடைய கடமை.