உள்ளுக்கு இருந்தவர் வாசிக்கும் பக்கம்

மண்முனைப் பாலம் 2014இல் திறக்கும்வரை, அவ்விடத்தில் மட்டக்களப்பு வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போவதென்றால் ‘பாதை’ என்ற மிதவையில் ஏற வேண்டும். இப்போது மோட்டார் சைக்கிளில் சில நிமிடம்தான். அப்படிப் போய்த்தான் குணா கவியழகனின் ‘நஞ்சுண்டகாடு’ நாவலை ஒருவரிடம் கொடுத்தேன். முன்பு விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்தவர், இன்று வயல் செய்கிறார். ஒரு கிழமை கழித்துச் சொன்னார்:

“றெயினிங்கில உடம்பு படுற பாட்ட எழுதிக்கிடக்கு பாருங்க தம்பி, அது உள்ளுக்கு இருந்தவனுக்குத்தான் வெளங்கும்.”

எனக்கு அந்த நாவலில் மனதை அறுத்தது போராளியின் அக்கா வீட்டு வறுமை. அவர் அதைப் பற்றிப் பேசவேயில்லை. அவருக்குக் கால், தோள், நித்திரை.

அவர் சொன்னது எனக்கு வேறொரு நாவலை நினைவூட்டியது. அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி 1895இல் நாவல் வெளியிட்ட ஸ்டீபன் கிரேன், அந்தப் போர் முடிந்து ஆறு ஆண்டுகளின் பின் பிறந்தவர். எழுதும்போது எந்தச் சமரையும் கண்டதில்லை. ஆனாலும் பழைய சிப்பாய்கள் பலர் அவரைத் தங்களில் ஒருவரென்றே நம்பினார்கள். எழுதியவர் களத்தில் நின்றாரா என்பதைவிட, தங்கள் உடம்பு அறிந்த பயம் அந்தப் பக்கங்களில் இருந்ததே அவர்களுக்குப் போதுமாயிருந்தது.

ஆனால் மட்டக்களப்பில் ‘இயக்கத்தில் இருந்தவர்’ என்று ஒரே வாசகர் கிடையாது. 2004 மார்ச்சில் இயக்கத்தின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்தார். ஏப்ரலில் வெருகலில், ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்திருக்கக்கூடிய பிள்ளைகள் எதிரெதிரே நின்று சுட்டார்கள். அதோடு வீடு திரும்பியவர்களும் உண்டு, வன்னியில் முள்ளிவாய்க்கால்வரை நின்றவர்களும் உண்டு. இயக்கத்தின் மகளிர் அரசியல் பொறுப்பாளராயிருந்த தமிழினி மறைந்து சில மாதங்களில், 2016இல் வந்த அவரது ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ நூலை இந்த இரு சாராரும் ஒரே மாதிரி வாசிக்க முடியுமா? முடியாது என்றே நினைக்கிறேன். தாம் எந்தப் பக்கம் நின்றோம் என்பது வாசிக்கும்போதும் கூடவே இருக்கும்.

துவக்குத் தூக்கியவருக்கே போர் எழுத்து விளங்கும் என்ற பேச்சையும் நான் ஏற்கவில்லை. அந்த ஏப்ரலில் முகாம்களுக்கே போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவந்த தாய்மார் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் அறிந்த போர் எந்தப் போராளியின் போருக்கும் குறைந்ததல்ல.

புத்தகத்தைத் திருப்பித் தந்தபோது அவர் கேட்டார்: “ஜெயசிக்குறுவுக்கு இஞ்சயிருந்து காடு காடா வன்னிக்கு நடந்தமே, அத ஆராச்சும் எழுதினவங்களா?”

வன்னியில் இராணுவத்தின் நடவடிக்கைக்கு எதிராக 1997இல் தொடங்கிய சமர் அது. கிழக்கிலிருந்து போன பலர் திரும்பவேயில்லை. நீங்களே எழுதலாமே அண்ணன் என்றேன்.

“எழுதினாச் செத்தவங்கட பேர் வரும் தம்பி. அவங்கட தாய்மார் இந்த ஊருலதான் இருக்காங்க.”