ஆற்று வெள்ளம் எந்தத் தெருவுக்கு வரும்? எப்படிக் கணிக்கிறார்கள்?

2015 டிசம்பர் 1 இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. மற்ற ஏரிகளின் உபரிநீரும் சேர, அடையாறு கரை தாண்டி சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வீடுகளுக்குள் புகுந்தது. 'எவ்வளவு திறக்கிறாங்க' என்று தெரிந்தால் மட்டும் போதாது. 'நம்ம தெருவுக்கு வருமா?' என்பதுதான் மக்களின் கேள்வி. இதற்குப் பதில் சொல்ல இரண்டு கணினிக் கணக்குகள் தேவை.

ஆற்றுக்குள் என்ன நடக்கிறது?

ஒருபரிமாண மாதிரி, ஆற்றின் குறுக்குவெட்டு அளவுகளை வைத்து, ஒவ்வோர் இடத்திலும் நீர்மட்டம் எவ்வளவு உயரும் என்று சொல்லும். சீக்கிரம் முடியும் கணக்கு. ஆனால், கரை தாண்டிய தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பும் என்று அதற்குத் தெரியாது.

ஊருக்குள்?

இருபரிமாண மாதிரி, நிலத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நீரின் ஆழம், வேகம், திசையைக் கணக்கிடும். இதற்கு நேரம் பிடிக்கும். அதனால் ஆற்றுக்கு முதல் மாதிரி, ஊருக்கு இரண்டாவது மாதிரி.

இரண்டும் எப்படி இணைகின்றன?

கரையை ஏரிக் கலங்கல் மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். ஆற்று நீர்மட்டம் கரையைத் தாண்டினால், வழியும் அளவை ஆற்றுக் கணக்கில் கழித்து, பக்கத்துக் கட்டத்தில் சேர்க்கிறார்கள். ஆறு வடிந்தால், தண்ணீர் திரும்பிவருவதும் கணக்கில் வரும். சில விநாடிகளுக்கு ஒருமுறை இது நடக்கும். கழிக்க மறந்தால், ஒரே வெள்ளம் இரண்டு முறை எண்ணப்படும்.

எங்கே தவறலாம்?

கரையின் உயரத்தில்தான். ஓரிடத்தில் கரை ஓரடி தாழ்ந்திருப்பது பதிவாகாவிட்டால், அந்த வழியாக வெள்ளம் புகும் தெரு, வரைபடத்தில் பாதுகாப்பான தெருவாகத் தெரியும். அங்கே இருப்பவர்களை யாரும் முன்கூட்டியே வெளியேறச் சொல்ல மாட்டார்கள். அதனால், கரையை அளப்பது ஒருமுறையோடு முடிகிற வேலை இல்லை.