தேடி வந்தவர் திரும்பிப் போகாமல்

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குடும்பம் பரந்தன் சந்திவரை வாகனத்தில் வந்து, என்னைத் தேடிக் களைத்துத் திரும்பிப் போயிருக்கிறது. கனடாவுக்குக் கொண்டு போக அவர்களுக்கு 10 கிலோ வறுத்த மிளகாய்த்தூள் தேவைப்பட்டதாம். என் தூளை முன்பே வாங்கிச் சமைத்தவர்கள். கையில் வெறும் பைக்கற்றும் இருந்திருக்கிறது. அதில் நான் பேனாவால் எழுதிய இலக்கத்தில் கடைசி இரண்டு எண்கள் தூளின் எண்ணெய்ப் பசையில் அழிந்து போயிருந்தன. மூன்று கிழமை கழித்துச் சந்திக் கடைக்கார அண்ணை சொல்லித்தான் எனக்குத் தெரியும். "மிளகாய்த்தூள் அக்கா எண்டு தெரியும் பிள்ளை, வீடு எங்கையெண்டு எனக்குத் தெரியாதே" என்றார்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. அந்த 10 கிலோவில் வரும் இலாபம் அந்த மாதச் சீட்டுக்காசுக்கும் மகளின் ரியூசனுக்கும் போதும். மிளகாயைத் தெரிந்து, காயவைத்து, வறுத்து, மில்லில் வரிசையில் நின்று அரைத்து எடுக்கும் எனக்கு, என்னைத் தேடுகிறவருக்கு வழி சொல்லத் தெரியாமல் போய்விட்டது. நுண்கடன் அறவிட வருபவர்கள் மட்டும் என் வீட்டை ஒருநாளும் பிழைவிட்டதில்லை!

முதலில் பைக்கற்றைத் திருத்தினேன். பொலித்தீனில் பேனா நிற்காது. அச்சகத்தில் சிறிய லேபல் அடித்தேன். உணவுப் பொதியில் தயாரித்தவரின் பெயர், முகவரி, நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி எல்லாம் இருக்க வேண்டும் என்பது விதி. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தாலும் இவற்றைத்தான் பார்ப்பார். எனவே லேபல் வீண் செலவல்ல. இலக்கத்தைப் பெரிதாக, மூன்று, மூன்று, நான்கு எண்களாகப் பிரித்து அடிக்கச் சொன்னேன். பத்து எண்களும் ஒட்டிக் கிடந்தால் வயதானவர்கள் ஒன்றைத் தவறவிடுவார்கள். ஏ-9 வீதியால் போகிற சிங்களச் சகோதரர்களும் வாங்குவதால் "மிளகாய்த்தூள்" என்பதைச் சிங்களத்திலும் சேர்த்தேன். வெளிநாட்டிலுள்ளவர்கள் எடுப்பதானால் முதல் பூச்சியத்தை விட்டு, 94 சேர்க்க வேண்டும். அதையும் கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் எந்த இலக்கத்தைப் போடுவது? இதில்தான் நான் பல மாதம் தடுமாறினேன்.

என்னுடைய பழைய சிம், 2010இல் செட்டிகுளம் முகாமிலிருந்து மீளக்குடியேறியபோது வாங்கியது. 2009இல் முள்ளிவாய்க்காலில் என் கணவரைப் பிரிந்தேன். அதன்பின் எந்த அலுவலகத்தில் பதிவு செய்தாலும், எந்த விசாரணைக்குப் போனாலும் இந்த இலக்கத்தைத்தான் கொடுத்தேன். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2018இல் இயங்கத் தொடங்கிய பின் அங்கும் இதையே எழுதிக் கொடுத்தேன். ஆகவே இதை மாற்றவும் முடியாது, நிறுத்தி வைக்கவும் முடியாது. தெரியாத இலக்கம் வந்தால் இன்றும் கை நடுங்கும்.

இதே இலக்கத்தைக் கடைச் சுவரில் ஒட்டினேன், என் பெயரோடு. இரண்டாம் நாளே இரவு பத்தரைக்கு யாரோ ஒருவன் எடுத்து, வாயில் வராத கதை கதைத்தான். பிறகும் எடுத்தான். போனை நிறுத்தி வைத்தால், வரவேண்டிய அழைப்பு அந்த நேரம் வந்துவிட்டால் என்ற பயம். நிறுத்தாவிட்டால் இந்தத் தொல்லை. தனித்து வாழும் பெண்கள் பலர் இலக்கத்தை வெளியில் கொடுக்காமல் இருப்பதன் காரணம் இதுதான். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

கடைசியில் வேறொரு சிம் எடுத்தேன், தொழிலுக்கு மட்டும். லேபலில் என் பெயருக்குப் பதிலாகத் தொழிற்பெயரைத்தான் பெரிதாகப் போட்டேன். "காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை" என்று அதன்கீழ் அடித்தேன். ஆறு மணிக்குப் பிறகு அந்தப் போன் ஓய்வு. பழையது எப்போதும் திறந்தே இருக்கும். தொல்லை தருகிற இலக்கத்தைத் தடை செய்யலாம். அழைத்த திகதி, நேரத்தைக் குறித்து வைத்தால் முறைப்பாட்டுக்கு உதவும். மகளிருக்கான அரச உதவி இலக்கம் 1938. சிம்முக்கு நீண்டநாள் காசு போடாமல் விட்டால் இலக்கமே பறிபோய்விடும். அப்படிப் போனால் ஒட்டிய லேபல் எல்லாம் வீண். மாதம் ஒரு தடவையாவது ரீலோட் செய்கிறேன்.

வட்ஸ்அப்பில் தொழிலுக்கென்றே ஒரு செயலி இருக்கிறது, காசில்லை. பொருட்களின் படம், விலை, வேலை நேரம் எல்லாவற்றையும் அதில் போட்டு வைக்கலாம். மகள்தான் செய்து தந்தாள். முகப்பில் மிளகாய்ப் படம்தான், பிள்ளைகளின் படம் போடவில்லை. தமிழில் எழுதச் சிரமப்படுகிறவர்கள் குரலில் பேசி அனுப்புகிறார்கள். நானும் அப்படியே பதில் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு இடைஞ்சல் வீட்டுக்குள்ளேயே இருந்தது. நான் மில்லுக்குப் போனால் மாமி போனை எடுத்து "அவ இல்லை" என்று வைத்துவிடுவா. அவவைக் குறை சொல்லி என்ன, நாம் சொல்லிக் கொடுக்கவில்லையே. இப்போது போனுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியும் பென்சிலும் கட்டித் தொங்குகிறது. பெயர், இலக்கம், எத்தனை கிலோ, எப்போது வேண்டும் என்று மாமி கேட்டு எழுதி வைக்கிறா. அவவின் எழுத்தை வாசிப்பது ஒரு தனிக் கலை! அன்று பின்னேரமே அவர்களைத் திருப்பி எடுக்கிறேன்.

வீட்டு முகவரியும் சிக்கல்தான். எங்கள் ஒழுங்கையில் வீட்டுத்திட்ட வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி. சட்டத்துக்காக லேபலில் முகவரி இருக்கிறது, ஆனால் முன்பின் தெரியாதவர் நேரே படலைக்கு வருவதை நான் விரும்புவதில்லை. சந்திக் கடைக்கார அண்ணையைக் கேட்டு, அவர் கடையில் பத்துப் பைக்கற்றும் ஒரு சிறிய பலகையும் வைத்திருக்கிறேன். தேடி வருபவர் அங்கிருந்து எனக்கு எடுப்பார், நான் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பேன். விற்ற பைக்கற்றுக்கு அண்ணைக்கும் ஒரு பங்கு உண்டு.

அந்த யாழ்ப்பாணக் குடும்பம் கடையில் தங்கள் இலக்கத்தை விட்டுப் போயிருந்தது. கூச்சத்தை விட்டு எடுத்துப் பேசினேன். வேறிடத்தில் வாங்கிவிட்டார்களாம். ஆனாலும் புது இலக்கத்தைக் குறித்துக்கொண்டார்கள். ஆடி மாதம் அவர்களின் உறவினர் ஒருவர் 4 கிலோ கேட்டு எடுத்தார். மாமிதான் எழுதி வைத்திருந்தா. "4" என்பது "9" போலக் கிடந்ததால், வறுக்கத் தொடங்குமுன் இன்னொருமுறை எடுத்துக் கேட்டுக்கொண்டேன்.